மொட்டைமலைக்குப் போன அமாவாசை

அப்பாவின் தலைமயிரில் தேங்காயெண்ணெய், வெயில், ஈரப் பட்டுநூல் என்று மூன்று வாடை கலந்திருக்கும். எதிரே நின்றால் எண்ணெய் மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தால் நூல் வாடையும் வரும். மூன்றும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் அவர் தோளின்மேல் ஏறி, கால் இரண்டையும் அவர் மார்பின்மேல் தொங்கவிட்டு, உச்சந்தலையில் மோவாயை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் நான் எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. என் அத்தை மகள் தேவகி எத்தனை தடவை உட்கார்ந்தாள் என்பதை மட்டும் அப்போது எண்ணி வைத்திருந்தேன்.

தேவகி என்னைவிட ஒரு வயது சிறியவள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இடது காலைக் குச்சியாக்கிவிட்டிருந்தது. அத்தை வீடு ஏனாத்தூர் தாண்டி வயல்வெளிக்குள் இருந்ததால், பள்ளிக்கூடம் போவதென்றால் வரப்பிலேயே ஒரு மைல் நடக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஐந்தாவது வீடே பள்ளிக்கூடம். அதனால் அவளுக்கு ஏழு வயதானபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டார்கள். பெட்டிக்கு இடம் கொடுத்தேன், பாயில் இடம் கொடுத்தேன், என் சிலேட்டில் பாதி இடம்கூடக் கொடுத்தேன். கேட்காமலே அவள் எடுத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் மலையைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுத் தறியில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்கிற சேலைகள்தான் ஓடும். அப்படி நெய்வதற்கு, ஊடுநூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். மூன்றாவது நாடாவை நெய்கிறவரே எட்டிப் போட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் தறிக்குழிக்குள் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, அவர் மிதிக்கும் வேகத்துக்குச் சரியாகக் கரைக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரைக்கும், சாயங்காலம் விளக்கு வைக்கும்வரைக்கும் அப்பாவுக்கு அப்படிக் கரைக்கு உட்கார்ந்தவள் நான். அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். வெளியில் அதிகம் பேசாத நைனா தறியில் உட்கார்ந்தால் மட்டும் பேசுவார். சந்தையில் பார்த்தது, சின்ன வயதில் நீந்திய ஏரி, வெள்ளத்தில் போன மாடு என்று நாடாவோடு நாடாவாகக் கதை வரும். மதியம் அவர் ஓய்வெடுக்கும்போது என்னை அவர் இடத்தில் உட்காரவைத்து, என் பாதங்களை மிதிபலகைமேல் வைத்து, "வலது, இடது, வலது" என்று சொல்லிக்கொடுப்பார். கால் எட்டாத வயதில் பலகைக்குப் பதிலாகத் தன் உள்ளங்கைகளை என் பாதங்களுக்கு அடியில் கொடுத்து மிதிக்கச் சொல்வார்.

தேவகி வந்த ஆறாவது மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் அவள் கரைக்கு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் நான் எழுந்து போனபோது அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "அவளே போடட்டும்மா, கை சுறுக்கா இருக்குது, நீ போய் படி" என்றார். அவர் சொன்னது உண்மை. தேவகியின் விரல்கள் பல்லி நாக்கைப் போல வேலை செய்தன. உண்மையாக இருந்ததனாலேயே எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து கதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. இந்தப் பக்கம் நான் பெருக்கல் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் சிரிப்பது காதில் விழாமல் இருக்க. அம்மா ஒருநாள் என் தட்டில் மீந்த சோற்றைப் பார்த்து, "அடுத்தவ எலையையே பாத்துக்கினு இருக்கறவளுக்கு தன் எலைச் சோறு எறங்காது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மொட்டைமலை பற்றிய பேச்சு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிறந்தது. வாலாஜாபாத் ரோட்டில் ஐயம்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் பஸ்ஸில் போய் இறங்கினால், வயல்களுக்கு நடுவே மரமில்லாத ஒரு குன்று தெரியும். மேலே கோயில் கிடையாது, சுனை கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் தவிர யாரும் போவதில்லை. ஆட்டுத்தடத்திலேயே நடந்தால் அரை மணிக்குள் உச்சி வந்துவிடும். கிழவிகள்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடுவார்கள் என்பார் அப்பா. உச்சியில் நின்றால் நம் ஊர்க் கோபுரங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்று அவர் ஒருநாள் தறியில் சொல்லியிருக்கிறார். அதைத் தேவகி பிடித்துக்கொண்டாள்.

அவள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. உயரத்திலிருந்து எதையும் அவள் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பரணுக்கு ஏணி. ஏரிக்கரைக்குச் செங்குத்தான படி. மொட்டைமாடி உள்ள வீடு தெருவில் ஒன்றுதான், அதன் படிக்கட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. தேரோட்டம் வந்தால் நாங்கள் எல்லாரும் அந்த மாடியில் நிற்போம், அவள் கீழே ஜனங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "மேலேருந்து பாத்தா மனுசங்க தலை எப்படி மாமா இருக்கும்?" என்று அவள் அப்பாவைக் கேட்டது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

நெசவாளிக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறி ஓடாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் போகலாம் என்று அப்பா சொல்வதும், ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போவதுமாக ஏழு அமாவாசை போயிற்று. எட்டாவது, தை பிறந்து வந்தது. காலையில் படையல் முடிந்து, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. தேவகி மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் தொட்டுத் தொட்டு நான்கு தடவை வாரிக்கொண்டாள். கோபுரங்கள் இவளைப் பார்க்க வருகின்றனவா என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அப்பா எங்களுக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் ரயிலின் புகை தெரிந்தால் உடனே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். அப்போதுதான் நாலரை மணி பஸ் கிடைக்கும். அதை விட்டால் இருட்டியபிறகுதான் அடுத்தது. இதைச் சொல்லிவிட்டுக் குனிந்து தேவகியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

நான் பின்னால் நடந்தேன். தடம் அகலமாக, மெத்தென்று இருந்தது. இரண்டு பக்கமும் களாச்செடியும் சூரைமுள்ளும். காய்ந்த புல்லில் வெயில் பட்டு எழும்பிய வாசனை, மாவு வறுக்கிற வாசனையைப் போல இருந்தது. இவையெல்லாம் இப்போது யோசித்து எழுதுகிறவை. அன்றைக்கு நான் பார்த்தது அப்பாவின் தலைமேல் இருந்த பத்து விரல்களை மட்டும்தான். அந்த விரல்கள் அவர் தலைமயிரைக் கோதின. காதைப் பிடித்து இப்படிப் போ, அப்படிப் போ என்று வண்டி ஓட்டின. அவர் சிரித்தார். இளம்பிள்ளை வாதம் எனக்கு ஏன் வரவில்லை என்று நான் நினைத்தேன். எழுதக் கூசுகிற வரிதான். ஆனால் அன்றைக்கு என் மனத்தில் இருந்தவற்றில் இதுதான் முதலாவது.

பாதி வழியில் ஒரு தட்டையான பாறை. அதைத் தாண்டும்போது நான் உட்கார்ந்துவிட்டேன். கால் சுளுக்கிக்கொண்டது, நடக்க முடியவில்லை என்றேன். அழுவதற்கு நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அப்பா தேவகியை இறக்கிப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு என் எதிரே மண்டியிட்டார். எந்தக் கால் என்று கேட்டார். வலது என்றேன். கணுக்காலைத் தடவிப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை. பிறகு அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் பாதங்களுக்கு அடியில் கொடுத்தார். "வலது" என்றார். "இடது" என்றார். "வலது." அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என் கால்கள் யோசிக்கவில்லை. தறியில் உட்கார்ந்தது போலவே அழுத்தி அழுத்தி மிதித்தன, வலதும் இடதும் ஒரே சீராக. ஆறேழு மிதி ஆனபிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

நிமிர்ந்தேன். அப்பா என் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைமேலிருந்து தேவகி சொன்னாள்: "இவளுக்கு சுளுக்குன்னா, நான் ஓட்டப்பந்தயத்துக்குப் பேரு குடுக்கறேன் மாமா."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. அவர் கொஞ்ச நேரம் புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தேவகியிடம், இவளை முதலில் மேலே விட்டுவிட்டு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன், கொஞ்ச நேரம்தான், பயமில்லாமல் இருப்பாயா என்று கேட்டார்.

"எனக்கு இன்னா பயம். போய்ட்டு சீக்கிரம் வா மாமா. நானும் பாக்கணும்."

அப்பா என் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்தார். நான் ஏறினேன். மூன்று வாடையும் அங்கேதான் இருந்தன.

உச்சி ஒரு களத்தைப் போலப் பரந்து கிடந்தது. மரம் ஒன்றுகூட இல்லை. முழங்கால் உயரப் புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒரு கல் நட்டிருந்தார்கள். காற்று காதுக்குள் புகுந்து வேறு சத்தம் எதையும் கேட்கவிடாமல் அடித்தது. அப்பா என்னைக் கல்லின் பக்கத்தில் இறக்கிவிட்டு, நகராதே என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நைனா, கோபுரம் எங்க?" என்றேன்.

அவர் நின்று காட்டினார். தூரத்தில் தென்னைமரங்களுக்குமேல் ஊசி ஊசியாக நின்றன. இது பெரிய காஞ்சிபுரத்துக் கோபுரம், அது சின்ன காஞ்சிபுரத்துக் கோபுரம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் அடுத்ததைக் கேட்டேன். அந்த வெள்ளை என்ன? பாலாற்று மணல். அந்தப் பளபளப்பு? தென்னேரி. அதற்கு இந்தப் பக்கம்? அது வேறு ஏரி, அதில் நான் சின்ன வயசில்... என்று அவர் ஆரம்பித்துவிட்டார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். அப்பாவுக்கு ஒரு கேள்வியைப் பாதியில் விடத் தெரியாது. செங்கல் சூளை, இரட்டைப் பனை, கரும்பு ஆலை வைத்திருந்த ஊர், அவருடைய அம்மா பிறந்த ஊர் இருக்கும் திசை என்று ஒன்றன்பின் ஒன்றாக நான் கேட்டேன். எதற்குமே பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கீழே பாறைப் பக்கம் பார்ப்பார், ஒரு அடி எடுத்து வைப்பார், நான் இன்னொன்றைக் காட்டுவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான அரை மணி நேரம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. கீழே ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

கடைசியில் அவர், "போதும்மா, அவ காத்துக்கினு இருப்பா" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்க ஆரம்பித்தார். இருபது அடி போயிருப்பார். அப்போது கிழக்கே, வெகு தூரத்தில், பனைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கரும்புகை எழுந்ததைப் பார்த்தேன். அவர் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். பாறைக்கு ஓடிப்போய்த் தேவகியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருப்பார். பஸ் போயிருக்கும். இருட்டில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கியிருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும். இவ்வளவையும் நான் அன்றைக்கே யோசித்தேன். அதன்பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"நைனா, ரயிலு."

அவர் நின்றார். திரும்பிப் புகையைப் பார்த்தார். பிறகு என்னிடம், நடப்பாயா என்று மட்டும் கேட்டார். நடப்பேன் என்றேன்.

பாறைமேல் தேவகி மடி நிறையக் களாக்காய் பறித்து வைத்திருந்தாள். கைக்கு எட்டிய செடிவரைக்கும் உட்கார்ந்தபடியே நகர்ந்து போயிருக்கிறாள், பாவாடையின் பின்புறம் முழுக்க மண். எங்களைப் பார்த்ததும் காய்களை ஒதுக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"என் முறையா மாமா?"

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றார். பிறகு, "பஸ்ஸு வந்துடும்மா. அடுத்த அமாவாசைக்கு உன்னை மட்டும் கூட்டிக்கினு வரேன்" என்று சொல்லி இறங்க ஆரம்பித்தார். அவள் அழவில்லை. அவர் தலையில் கன்னத்தை வைத்து, தூரமாகிக்கொண்டே போகும் உச்சியைப் பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னால் நடந்த என்னையும் பார்த்திருப்பாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மேலே என்ன இருந்தது என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு" என்றேன். பார்த்தது எனக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த அமாவாசைக்கு அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்தது அத்தை வீட்டுக் கல்யாணம். பிறகு வெயில், பிறகு மழை. பிறகு தேவகி வளர்ந்துவிட்டாள், தோளில் தூக்கும் வயது போய்விட்டது. தடியூன்றி வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. நான் பள்ளியிறுதி முடித்து, பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் படிப்பு எனக்குக் கிடைத்ததற்கு, தறியிலிருந்து என்னை எழுப்பிவிட்டதும் ஒரு காரணம். அதைத் தெரிந்துவைத்திருப்பதால் எனக்குள் எதுவும் ஆறிவிடவில்லை.

போன மாதம் ஒரு ரோட்டு வேலைக்காகப் பழைய நில அளவைத் தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் மொட்டைமலைக்குப் பெயர் இல்லை. ஒரு முக்கோணமும் அதன் பக்கத்தில் உயரத்தைக் காட்டும் எண்ணும் மட்டும் இருந்தன. உச்சியில் நட்டிருந்த கல் அளவைக் கல் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிப் போனேன். ஆட்டுத்தடம் இருந்த இடத்தில் லாரி போகிற பாதை இருந்தது. மலையின் மேல்பாதி இல்லை. பாதிவழிப் பாறை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் எதற்குப் பாதி என்று சொல்ல உச்சி அங்கே இல்லை. ஜல்லி உடைக்கும் பெண்கள் குடை வடிவத்தில் ஓலைத் தடுப்பு கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெடி வைக்கப் போகிறார்கள், தள்ளிப் போ என்று ஒருவர் கையைக் காட்டினார்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அவர் இடத்தில் இருந்தார், தேவகி கரைக்கு உட்கார்ந்திருந்தாள். மலை போய்விட்டது என்றேன். அப்பா ஒரு கணம் மிதிப்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் மிதித்தார். அன்றைக்குப் பஸ்ஸில் தேவகியிடம் சொன்ன பொய்யையாவது திரும்ப வாங்கிக்கொண்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தறிப்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மேலே வெறும் புல் மட்டும் இல்லை என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்: கோபுரங்கள், பாலாற்று மணல், ஏரிகள், சூளை, ஆலை வைத்திருந்த ஊர். ரயில் புகையை யார் முதலில் பார்த்தது என்பதையும் சொன்னேன். அப்பா தலை நிமிரவில்லை.

தேவகி நாடாவைப் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "ரெட்டைப் பனைய விட்டுட்ட" என்றாள். "சூளைக்கு இந்தாண்ட. ஏரியும் நீ ரெண்டுதான் சொன்ன. மூணு. மூணாவதுல தண்ணி இல்ல, ஆடு மேஞ்சிக்கினு இருந்துச்சு. கல்லாண்ட புல்லெல்லாம் மேக்கால சாஞ்சிருக்கும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மாமா சொல்லுவாரு. எத்தினி தபா. உனக்கு எங்க நெனப்பு இருக்கும், நீதான் கேட்டுக்கினே இருந்தியாமே."

பதினொரு வருடம் அந்த உச்சி என்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இவர்கள் அதில் இந்தச் சுவருக்குள் நாடாவோடு நாடாவாக எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறார்கள்! தண்ணீர் இல்லாத ஏரி ஒன்று இருந்ததே எனக்கு நினைவில்லை. புல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டிருந்தால் நான் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். மலையும் இல்லை, கல்லும் இல்லை. உச்சி முழுசாக ஓரிடத்தில்தான் இருக்கிறது, அங்கே போகவே போகாதவளிடம். அதை இன்னொரு தடவை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாதா என்று யோசித்தபடி நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த இழைக்கு அப்பா "ம்" என்றார். தேவகி அடுத்த நாடாவைப் போட்டாள்.